மாதக் கூட்டத்தில் யாருக்கு நாற்காலி? மலையகச் சுகாதார நிர்வாகம் நடக்கும் விதம்

தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக் காம்பரா. அதன் கூரை மரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வயதும் நாலு மாதமும் ஆன பெண் பிள்ளை கிடந்து அழுகிறது. முள் ஏழரைக் கிலோவைத் தாண்டி ஒரு கோட்டில் நின்று ஆடுகிறது. மிட்வைஃப் அம்மா பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தை விரித்து, இந்த மாதப் புள்ளியை வைத்து, போன மாதப் புள்ளியோடு இணைக்கிறார். மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடக்கிறது. தாய் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே வாசலில் நிற்கிறாள். இன்னும் பத்து நிமிடத்தில் அவள் மலைக்கு ஏறியாக வேண்டும். "நேரமாச்சுன்னா அரைப்பேர் ஆயிரும்ங்கம்மா" என்கிறாள். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

அந்த எடையை இரண்டு பேர் எழுதிக்கொள்கிறார்கள். மிட்வைஃப் அம்மா எழுதுவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு, அதாவது எம்.ஓ.எச். ஒஃபிசுக்குப் போகிறது. பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் பெண் எழுதுவது தோட்டத்து ஒஃபிசுக்குப் போகிறது. ஒன்று அரசாங்கத்தின் வழி, மற்றது தோட்டத்தின் வழி. பிள்ளை ஒன்றுதான். இலங்கையின் தேயிலை மலைகளான மலையகத்தில் பொதுச் சுகாதாரத் தலைமை என்று எதைச் சொல்வது என்ற கேள்வி எனக்கு இந்த இரண்டு புத்தகங்களில் இருந்துதான் தொடங்குகிறது. நான் பத்து வருடத்துக்கு மேல் அப்படியொரு எம்.ஓ.எச். அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். மாதக் கூட்டங்களின் குறிப்பை எழுதியது நான். மூலையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு யார் பேசினார், யார் பேசவே இல்லை என்பது நன்றாகத் தெரியும்.

இந்த இரண்டு வழிகளும் நேற்று வந்தவை இல்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளியின் உடம்பைத் தோட்டத்தின் பொறுப்பாகவே பார்த்தன. 1872இல் தொடங்கி 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வரைக்கும் அப்படித்தான். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தைச் சுத்தமாக வைப்பது, நோயாளிக்கு மருந்து கிடைக்கச் செய்வது எல்லாம் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின் கடமை. அரசாங்க வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அன்றாட அதிகாரம் பங்களாவில் இருந்தது.

அப்புறம் கொக்கிப்புழு. வெறுங்காலோடு மண்ணில் நிற்கிற மக்களின் இரத்தத்தைக் குடித்துச் சோகை பிடிக்க வைத்த புழு அது. 1910களின் நடுவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் அதை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியது. வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் இல்லாத லயத்தில் அதே மண்ணில் அதே கால்கள் நடந்ததால் கொஞ்ச நாளில் புழு திரும்பி வந்தது. மருந்தோடு மலசல கூடமும் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் மக்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும் என்று புரிந்தது. இந்தப் பாடத்துக்கும் பங்குண்டு, 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதில். ஒரு வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதி, மருத்துவமாதுகள் என்ற மிட்வைஃப்மார், எல்லோரும் ஒரு நிலப்பரப்புக்குப் பொறுப்பான ஒரே குழு. இன்று நாடு முழுக்க இருக்கும் எம்.ஓ.எச். முறைக்கு அதுதான் தாய்.

இங்கே எனக்கு மனம் கனக்கும் ஒரு விஷயம் உண்டு. தோட்டத்து மக்களின் காலில் கற்ற பாடம் கரையோரக் கிராமத்தில் முளைத்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. தோட்டத்து எல்லைக்கு வந்தபோது மட்டும் வேலியில் நின்றுவிட்டது. மிட்வைஃப் கிராமத்தில் வீடு வீடாகப் போனார். லயத்துக்குப் போவது தோட்டத்தின் ஆள்.

1948இல் இந்தத் தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமை போனது, அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. வாக்கில்லாத மக்களுக்கு ஆஸ்பத்திரி கேட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து நிற்க யார் இருந்தார்? 1973, 74 பஞ்சத்தைப் பற்றி வயதானவர்கள் இன்றும் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அந்த வருடங்களில் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயதைக் காணவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசம என்ற அரசின் தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. அதற்குப் பிந்திய காலத்தில்தான் தடுப்பூசி, பயிற்சி பெற்ற மிட்வைஃப், பிள்ளைக் காம்பரா, மலசல கூடம் எல்லாம் ஓரளவு சேர்ந்து வந்தன. குழந்தை மரணம் வேகமாக இறங்கியது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. நலன்புரி வேலைகளைப் பார்க்க அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நிதியம் அமைந்தது. மலையகத்தில் அதை 'டிரஸ்ட்' என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும்.

இதற்கிடையே 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்து, சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாண சபைகளுக்குப் போனது. அதே வருடத்துப் பிரதேச சபைச் சட்டமோ தோட்டத்துக்குள் தன் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி சபைகளைக் கட்டிப்போட்டது. அந்தக் கட்டு அவிழ்ந்தது அந்தச் சட்டத்தின் 2018 திருத்தத்தில்.

சரி, இதையெல்லாம் அந்தத் தராசுப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்ப்போம். அவள் தூங்கும் லயம் கம்பனி நிர்வகிக்கும் நிலத்தில். பகலில் இருக்கும் காம்பராவுக்குத் தோட்டமும் டிரஸ்டும் பொறுப்பு. தடுப்பூசி போடுவது மாகாண சபையின் கீழ் உள்ள எம்.ஓ.எச். ஊழியர். அந்த ஊசி எப்போது, எப்படி என்று முடிவெடுப்பது கொழும்பில் உள்ள அமைச்சு. அங்கே தோட்ட, நகர சுகாதாரத்துக்கென்றே தனிப் பிரிவும் உண்டு. குடிக்கும் தண்ணீர் பீலியில், அதாவது மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாயில் இருந்து வருகிறது. பீலிக்கு மேலே இருக்கும் காணி யாருடையது என்பது தனிக் கதை. அம்மாவுக்கு லீவு கொடுப்பது தோட்டத்து ஒஃபிஸ். இத்தனை கைகள் ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கின்றன. ஒரு கை நழுவினால் மற்றக் கைக்குத் தெரியுமா?

தெரிவதும் தெரியாமல் போவதும் பெரும்பாலும் அந்த மாதக் கூட்டத்தில்தான்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் அருமை தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு எம்.ஓ.எச். அலுவலகத்திலும் மாதத்துக்கு ஒரு நாள் களத்தில் இருக்கும் எல்லோரும் வருவார்கள். மிட்வைஃப்மார், பி.எச்.ஐ.மார் என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், அவர்களை மேற்பார்க்கிறவர்கள், பொதுச் சுகாதாரத் தாதி. மாத அறிக்கைகளைக் கையளிப்பார்கள். எத்தனை கர்ப்பிணிகள் பதிவு, எட்டு வாரத்துக்கு முன் எத்தனை பேர், எந்தப் பிள்ளைக்கு ஊசி தப்பியது, எந்த வீட்டில் டெங்கு. வைத்தியசாலையில் இருந்து வரும் நோய் அறிவித்தலான எச் 544 படிவத்தைப் பி.எச்.ஐ. வீடு தேடிப்போய் விசாரித்தாரா இல்லையா. சத்துமாவான திரிபோஷா வந்ததா, வராவிட்டால் தாய்மாருக்கு என்ன சொல்வது. இந்தக் கணக்குகள் இங்கே இருந்து பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், கொழும்பில் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் தொற்றுநோயியல் பிரிவுக்கும் போகின்றன. நாடு தன் சுகாதாரக் குறிகாட்டிகளைச் சொல்லிப் பெருமைப்படுகிறதே, அந்த எண்களில் பலவும் இப்படி ஒரு நீள மேசையில் பிறந்தவை.

கொள்கையில் ஒரு மிட்வைஃப் ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பார்க்க வேண்டும். மேசைக் கணக்குக்கு அது சரி. மலையில் அந்த மூவாயிரம் பேர் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, ஆற்றுக்கு அப்பால் இன்னொரு கணக்கு என்று தோட்டப் பிரிவுகளாகச் சிதறி இருப்பார்கள். பஸ் போகாத இடத்துக்கு நடைதான். மழைக்காலத்தில் அட்டை. ஆள் குறைந்தால் பக்கத்துப் பகுதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். நான் இருந்த அலுவலகத்தில் ஒரு தங்கச்சி இரண்டு வருடத்துக்கு மேல் இரண்டு பகுதிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்.

அந்தத் தங்கச்சி தமிழ்ப் பிள்ளை, தோட்டத்தில் பிறந்தவர். நான் சேர்ந்த புதிதில் கூட்டம் முழுக்கச் சிங்களத்தில் நடக்கும். சுற்றுநிருபங்களும் சிங்களத்தில், சில நேரம் ஆங்கிலத்தில். அவருக்குச் சிங்களம் விளங்கும். பேசினால் வார்த்தை தடுக்கும், அதனால் பேசமாட்டார். அறிக்கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். என் குறிப்புப் புத்தகத்தில் அவருடைய பெயர் வருகை வரிசையில் மட்டும்தான் வரும். ஒரு முறை கர்ப்பிணித் தாய்மாருக்கான புது ஒழுங்கு ஒன்றைச் சொன்ன சுற்றுநிருபம் தமிழில் வராமல், அவர் அதை அரைகுறையாக விளங்கிக்கொண்டு, மூன்று மாதம் பழைய முறையிலேயே செய்துவிட்டார். திட்டு அவருக்கு விழுந்தது. தமிழில் அனுப்பாதவர்களை யாரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு வந்த வைத்திய அதிகாரி ஒரு சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அவர் இரண்டு காரியம் செய்தார். கூட்டத்தின் ஒழுங்கை மாற்றினார். முன்பெல்லாம் மேலிருந்து வந்த அறிவுறுத்தல்களை வாசித்து முடித்து, நேரம் மிஞ்சினால் களத்து ஆட்களைக் கேட்பார்கள். இவர் முதலில் மிட்வைஃப்மாரைக் கேட்டார். "உங்களுக்கு வசதியான பாஷையில் சொல்லுங்க, மற்றவங்க எனக்குச் சொல்லித் தருவாங்க" என்றார். அன்றைக்கு அந்தத் தங்கச்சி தமிழில் இருபது நிமிடம் பேசினார். கிளினிக் வைக்கும் செவ்வாய்க்கிழமை, கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் தாய்மார் ஏன் வருவதில்லை என்பதை ஒவ்வொரு கணக்காகச் சொன்னார். எனக்குப் பக்கம் நிரம்பிவிட்டது.

இரண்டாவது காரியம் இன்னும் பெரிது. அடுத்த கூட்டத்துக்குத் தோட்டங்களின் வைத்திய உதவியாளர்களையும் அழைத்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து மருந்து கொடுக்கிறவரைத்தான் சொல்கிறேன். லயத்து மக்களுக்கு அவர் 'டாக்டர் ஐயா'. சம்பளம் தோட்டம் கொடுக்கிறது. துரைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். லயத்தில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் குடி, எந்தப் பெண் மாசமாக இருப்பதை இன்னும் மறைத்து வைத்திருக்கிறாள் என்பது எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். அரசாங்கத்து மேசையில் அவருக்கு நாற்காலி இருக்கவில்லை.

தலைமை என்ற சொல்லை இந்த இடத்தில் நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். எம்.ஓ.எச்.க்குத் தன் ஊழியர் மேல் அதிகாரம் உண்டு. கொசு பெருகும் இடத்துக்கும் அசுத்தமான சாப்பாட்டுக் கடைக்கும் எதிராகச் சட்டம் கையில் உண்டு. ஆனால் "இந்தத் தாய்க்கு இன்று முழுப்பேர் போடு" என்று ஒரு தோட்டத் துரைக்குக் கட்டளையிட அவரால் முடியாது. மலையகத்தில் ஒரு சுகாதார அதிகாரி செய்ய வேண்டிய முக்கியமான வேலைகளில் பாதி, அவருக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் இருக்கிறது. அதனால்தான் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. அந்த வைத்திய அதிகாரி கணக்குப் புத்தகத்தோடு துரையைப் பார்க்கப் போனார். சோகை பிடித்த பெண் எத்தனை கிலோ கொழுந்து குறைத்து எடுப்பாள், லீவு எத்தனை நாள் கூடும் என்று தோட்டத்தின் கணக்கிலேயே பேசினார். கிளினிக் நாள் மாறியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே கங்காணி அதை அறிவித்தார். போய்வந்த நேரத்துக்குப் பேர் வெட்டுவதில்லை என்று வாய்ப்பேச்சில் உடன்பாடு வந்தது. துரை மாறியபோது அந்த உடன்பாடும் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆளோடு வந்தது ஆளோடு போகும். எழுத்தில் இருந்தால் மிஞ்சியிருக்கும்.

தொழில்சார் சமூகம் என்று இலங்கைச் சுகாதாரத் துறையில் சொன்னால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது கொழும்பு. இலங்கை மருத்துவச் சங்கம் 1887 முதல் இருக்கிறது. சமுதாய மருத்துவ நிபுணர்களுக்கு ஒரு கல்லூரி, மருத்துவ நிர்வாகிகளுக்கு ஒரு கல்லூரி, பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் அதற்கான படிப்புகள். பி.எச்.ஐ.மாருக்கும் மிட்வைஃப்மாருக்கும் தொழிற்சங்கங்கள். நல்ல வேலைகள் செய்திருக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு. வைத்தியர் வைத்தியரோடும், பரிசோதகர் பரிசோதகரோடும், மாது மாதுவோடும் கூடுகிறார்கள். தோட்டத்து வைத்திய உதவியாளரோ பிள்ளைக் காம்பராப் பெண்ணோ இதில் எந்தப் படியிலும் இல்லை. ஒரே பிள்ளையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பதவி பேதமில்லாமல் உட்காரும் சமூகம் ஒன்று வேண்டுமென்றால் அது ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு எம்.ஓ.எச். அலுவலகத்து மண்டபத்தில்தான் உருவாக முடியும்.

அப்படி உட்கார முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. தாய் மரண மீளாய்வு. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதற்குப் பிந்திய வாரங்களிலோ ஒரு தாய் இறந்தால், நாட்டின் எந்த மூலையிலும், அது அறிவிக்கப்பட வேண்டும். எம்.ஓ.எச்.சும் மிட்வைஃபும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். வைத்தியசாலை தன் பக்கத்து விசாரணையைச் செய்கிறது. பிறகு மாவட்ட மட்டத்தில் மகப்பேற்று நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், நிர்வாகி, களத்து ஊழியர் எல்லோரும் ஒரு மேசையில். குடும்ப சுகாதாரப் பணியகமும் மகப்பேற்று நிபுணர்களின் கல்லூரியும் தேசிய மட்டத்தில் திரும்பப் பார்க்கின்றன. யாரையும் குற்றவாளியாக்கும் கூட்டம் இல்லை அது. எங்கே தாமதமானது? வீட்டில் முடிவெடுக்கவா, வாகனம் கிடைக்கவா, ஆஸ்பத்திரிக்குள்ளா? இதைத்தான் கேட்கிறார்கள். மலையகத்தில் நடுவில் உள்ள கேள்விக்கு எத்தனை முறை பதில் "தோட்டத்து லொறி வர நேரமாகிவிட்டது" என்று வந்திருக்கிறது! அந்தப் பதிலைப் பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் இருந்ததால்தான் பல தோட்டங்களில் வாகன ஒழுங்கு திருந்தியது. நான் பார்த்த ஒரு கூட்டத்தில் ஒரு மிட்வைஃப், நிபுணர் வைத்தியர் ஒருவரை மரியாதையோடு மறுத்துப் பேசினார். "இல்லை சேர், அந்தப் பிள்ளை காலையிலேயே வந்தது, நான் கூட வந்தேன்." அவர் குறித்துக்கொண்டார். தொழில்சார் சமூகம் என்றால் எனக்கு அந்த நிமிடம்தான் நினைவுக்கு வரும்.

இறந்த தாய்க்கு இப்படி ஒரு மேசை உண்டு. வளராத பிள்ளைக்கு இல்லை. 2016இன் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. தராசில் தொங்கிய அந்தக் குழந்தையின் கோடு படுத்தபோது மிட்வைஃப் அம்மா ஆலோசனை சொன்னார், திரிபோஷா எழுதினார், அடுத்த மாதம் வரச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவு. பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வருவது பீலித் தண்ணீராலா, காம்பராவில் பகல் சாப்பாடு போதவில்லையா, தாய் அடுத்ததைச் சுமக்கிறாளா, அப்பாவின் சம்பளம் எங்கே போகிறது? இதற்கு விடை ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தாய் மரணத்துக்குச் செய்வதுபோல், ஒரு தோட்டத்தில் எடை ஏறாத பிள்ளைகளை வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை துரை, வைத்திய உதவியாளர், டிரஸ்ட் ஆள், மிட்வைஃப், பிரதேச சபை எல்லோரும் பெயர் பெயராகப் பேசினால் என்ன? இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பதவி வேண்டாம். நான் இதை வெறும் யோசனையாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆள் எங்கிருந்து வருவார் என்ற கேள்வியும் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி பாதிக்கும் மேல் மலையகத் தமிழர். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் மலையில் குறைவு, சுகாதாரத் துறைப் பதவிகள் பலவற்றுக்கும் அந்தப் பிரிவுதான் வாசல். இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத ஒரு பாடசாலையும், தமிழ் பேசும் பி.எச்.ஐ. இல்லாத ஒரு பகுதியும் ஒரே நோயின் இரண்டு குறிகள். தமிழ் 1987இலேயே அரசகரும மொழியாகிவிட்டது. கிளினிக் வாசலில் தாய்க்கும் ஊழியருக்கும் நடுவில் இன்னும் யாராவது மொழிபெயர்க்க நிற்க வேண்டியிருக்கிறது, பல நேரம் பக்கத்து வீட்டுச் சிறுவன். குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஒரு பெண் ஒரு சிறுவனை வைத்துக்கொண்டு என்ன பேசுவாள்?

ஆபத்து வந்தால் மட்டும் வேலி விழுந்துவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பிறகு நெடுநாள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் இருந்தார்கள். அப்படியான முகாமில் தண்ணீருக்குக் குளோரின் போடுவது யார், கர்ப்பிணிகளின் பெயர்ப் பட்டியல் யாரிடம் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. இருப்பவர் செய்கிறார். கொரோனாக் காலத்தில் கொழும்பில் வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பியபோது பி.எச்.ஐ.யும் டாக்டர் ஐயாவும் தோட்டத்து இளைஞர்களும் ஒரே வட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைகள் சரிந்தபோதும், ரோடு அறுந்த தோட்டங்களுக்குள் முதலில் இருந்தது அங்கேயே வாழும் ஆட்கள்தான். வெள்ளம் வடிந்து, முகாம் கலைந்ததும் அவரவர் தம் தம் புத்தகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வட்ஸ்அப் குழு யாரும் எழுதாமல் கிடக்கும்.

எங்கள் அலுவலகத்துக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு சிங்களத்தில் கோடு போட்டு அச்சடித்த பழைய புத்தகம். வைத்திய உதவியாளர்கள் முதன்முதலாக வந்த அன்று அவர்கள் கையெழுத்துப் போட அதில் வரிசை இல்லை. கடைசிப் பக்கத்தில் 'வேறு' என்று இருந்த இடத்தில் நான்கு பேரும் போட்டார்கள். அடுத்த மாதம் நான் அடிமட்டம் வைத்து, மிட்வைஃப்மாரின் வரிசைக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை கீறி, தமிழிலும் சிங்களத்திலும் 'தோட்ட வைத்திய உதவியாளர்' என்று எழுதி வைத்தேன். ஏழு பேர் வந்தார்கள். அதில் மூத்தவர், முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தவர், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.